வாலாட்டி நடை

பாறைக்காட்டுத் தோட்டம், சென்னிமலை
25.8.2024

தங்கச்சி சென்னியம்மாளுக்கு உன் அண்ணன் தம்பிதுரை எழுதுவது.

நான் இங்கே சுகம். ரத்தக்கொதிப்பு மாத்திரையைத் தவறாமல் போடுகிறேன். போத்தனூரில் நீயும் உன் மகன் மனோஜ்குமார் மாப்பிள்ளையும் சுகமா?

அம்மணி, முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இது யாரோ எழுதித் தந்தது அல்ல. நானே எழுதுகிறேன். எழுபத்திரண்டு வயதில் என் கை எழுதுகிறது. ஒரு வரி எழுதிவிட்டுப் பேனாவைக் கீழே வைத்து அதைப் படித்துப் பார்க்கிறேன். நான் நினைத்தது அப்படியே காகிதத்தில் உட்கார்ந்திருக்கிறது. இப்படி ஒரு வித்தையை நீங்கள் எல்லோரும் இத்தனை காலம் சாதாரணமாகச் செய்துகொண்டிருந்தீர்களா?

நம் ஊர் லோகப்பிரியா சாயங்காலம் பள்ளிக்கூடத்தில் பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லித் தருகிறாள். ஆழ்துளைக் கிணறு தோண்டும் போர் வண்டிச் சத்தத்தில் என் காது போனது உனக்குத் தெரியும். போனைக் காதில் வைத்தால் டப்பாவுக்குள் வண்டு சுற்றுவது போல இருக்கிறது. செல்போனில் எழுத்து அடிக்கலாம் என்கிறான் மகன். என் ஒரு விரல் நாலு எழுத்தை மூடுகிறது. அதனால்தான் கடிதம்.

“என்ன எழுதறதுன்னு தெரியலியே கண்ணு” என்றேன். லோகப்பிரியா என் காதருகே வந்து கத்தினாள். “பார்த்ததை எழுதுங்க பெரியப்பா. கேட்டதை எழுதறதுக்குத்தான் உங்களுக்குக் காதே இல்லீங்களே!”

ஆகவே பார்த்ததை எழுதுகிறேன். வாய்க்காலில் தண்ணீர் விட்டுவிட்டார்கள். கரையில் ஒரு வாலாட்டிக் குருவி நடக்கிறது. கறுப்பும் வெள்ளையும். வேட்டி கட்டிய கணக்குப்பிள்ளை மாதிரி.

இன்னொரு விஷயம். அந்த லோகப்பிரியாதான் நம் ஊர்க் கும்மிக் குழுவுக்கும் தலைவி. தை மாதம் கோயில் மைதானத்தில் அரங்கேற்றம். புதுப் பாட்டு இல்லையே என்று பிள்ளைகள் பேசிக்கொண்டார்கள். நான் எழுந்து நின்று, “என் தங்கச்சி கோயில் நோம்பிக்கு நோம்பி புதுப் பாட்டுக் கட்டினவ. அவ குடுப்பா” என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். எனக்கும் ஒரு சுயநலம் உண்டு. காது போன பிறகு உன் பாட்டு எனக்கு இல்லாமல் போயிற்று. இப்போது எழுதி அனுப்பினால் படித்துக்கொள்வேன். நீ இதுவரை ஒன்றைக்கூட எழுதி வைத்ததில்லை. எழுது.

உன் அண்ணன்
தம்பிதுரை (இதுவும் நானே போட்ட கையெழுத்து)


போத்தனூர்
9.9.2024

அண்ணனுக்குத் தங்கை சென்னியம்மாள் வணக்கத்துடன் எழுதுவது.

இங்கே எல்லோரும் சௌக்கியம். உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். மாத்திரையோடு உப்பையும் குறையுங்கள்.

“அம்மா, மாமாவே எழுதியிருக்காருங்க!” என்று மனோஜ் வாசலிலிருந்தே கூவிக்கொண்டு வந்தான். நான் நம்பவில்லை. சின்ன வயதில் சிலேட்டை ஆட்டுக்குட்டிக்கு நக்கக் கொடுத்துவிட்டு, எழுத்தெல்லாம் ஆடு தின்றுவிட்டது என்று வாத்தியாரிடம் சொன்ன ஆள் நீங்கள். கடிதத்தை மூன்று பேரும் சுற்றி உட்கார்ந்து படித்தோம். மருமகள் கணக்குப்பிள்ளைக் குருவியை நினைத்துச் சமையலறையில் தனியாகச் சிரித்தாள்.

பாட்டு மட்டும் வேண்டாம் அண்ணா. பழைய பாட்டையே ஆடட்டும். எனக்கு இங்கே வேலை சரியாக இருக்கிறது. லோகப்பிரியாவிடம் சொல்லிவிடுங்கள்.

நீங்கள் எழுதுவதை நிறுத்த வேண்டாம்.

தங்கை
சென்னியம்மாள்


சென்னிமலை
22.9.2024

அம்மணிக்கு,

அண்ணன் நலம். வீட்டில் எல்லோரும் நலமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். உப்பைக் குறைத்துவிட்டேன். ஊறுகாயைக் குறைக்கவில்லை. அதை நீ சொல்லவில்லை.

உன் கடிதத்தைத் தபால்காரர் கையிலிருந்து வாங்கி அங்கேயே, நடு வெயிலில், நின்றுகொண்டு படித்தேன். “என்னங்கய்யா, கோர்ட்டு நோட்டீசா?” என்று அவர் பயந்துவிட்டார். எனக்கு வந்ததை நானே படிப்பது இதுதான் முதல் தடவை என்று அவருக்கு எப்படித் தெரியும்?

தினமும் காலையில் வாய்க்கால் கரையில் உட்காருகிறேன். ஆரம்பத்தில் கண்ணுக்கு ஒன்றும் அகப்படவில்லை. போர் வண்டியிலேயே வாழ்ந்தவன் நான். பூமிக்குக் கீழே ஆயிரம் அடியில் என்ன இருக்கிறது என்று பார்த்தேனே தவிர, மேலே இருப்பதைப் பார்த்தது கிடையாது. கால்களை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாற்றிப் போட்டுக்கொண்டே இருந்தேன். குருவி அந்தப் பக்கமே வரவில்லை. பிறகு அசையாமல் இருக்கப் பழகினேன். இப்போது அது என்னையும் கரையில் கிடக்கும் ஒரு கல் என்று எண்ணிக்கொண்டது. என் செருப்புக்குப் பக்கத்திலேயே புழு பிடிக்கிறது. அந்த நேரத்தில் எனக்குள்ளே ஒரு சத்தமும் இல்லை. காதுக்குள் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்ரசர்கூட நின்றுவிடுகிறது.

பாட்டை நான் விடுவதாக இல்லை. லோகப்பிரியா கேலி செய்கிறாள். “என்னங்க பெரியப்பா, பாட்டு போத்தனூர்ல பஸ் ஏறிருச்சுங்களா, இல்ல இன்னும் சீலை மாத்திட்டிருக்குதுங்களா?” வேலை சரியாக இருக்கிறது என்று நீ எழுதினாய். சோளம் வெட்டிக்கொண்டே பாட்டுக் கட்டினவளுக்கு மாடி வீட்டில் என்ன அப்படி வேலை?

பதிலைச் சீக்கிரம் எழுது.

அண்ணன்
தம்பிதுரை


போத்தனூர்
14.10.2024

அண்ணனுக்கு,

நலம். நலமறிய ஆவல்.

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. எனக்கு இனிப் பாட்டு வராது அண்ணா. ஏன் என்று கேட்க வேண்டாம். இங்கே பார்ப்பதற்கும் ஒன்றும் இல்லை. முன்னால் ஒரு மரம், அதற்கு அந்தப் பக்கம் ரயில் பெட்டிகள். அவ்வளவுதான்.

சென்னியம்மாள்


சென்னிமலை
20.10.2024

தங்கச்சிக்கு,

உடம்பு நன்றாக இருக்கிறதா? நான் நன்றாக இருக்கிறேன்.

உன் கார்டை மூன்று நாள் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சுற்றினேன். வாய்க்கால் கரையில் உட்கார்ந்து யோசித்ததில் விஷயம் பிடிபட்டுவிட்டது.

உனக்குச் சீர் கோபம்.

மனோஜ் மாப்பிள்ளை புது வீடு குடிபுகுந்தபோது எனக்குக் காய்ச்சல். மகனிடம் ஒரு சேலையும் ஒரு குடமும் கொடுத்தனுப்பினேன். பிறந்த வீட்டுச் சீர் என்றால் தட்டு வரிசையோடு அண்ணன் முன்னால் நடந்து வர வேண்டாமா? சம்பந்தி வீட்டார் அத்தனை பேர் முன்னால் உனக்குத் தலைகுனிவு. அதை மனதில் வைத்துக்கொண்டுதான் பாட்டு வராது, மழை வராது என்கிறாய். நீ சொல்ல மாட்டாய். நம் அம்மாவும் இப்படித்தான். கோபம் வந்தால் நலம் என்று மட்டும் சொல்லுவாள்.

தீபாவளி கழிந்து வாரேன். தட்டு வரிசையோடு வாரேன். வாசலைக் கூட்டி வை.

அண்ணன்
தம்பிதுரை


சென்னிமலை
12.11.2024

தங்கச்சிக்கு,

ஊர் வந்து சேர்ந்தேன். வழியில் தொந்தரவு எதுவும் இல்லை. நீ கட்டிக்கொடுத்த கச்சாயப் பலகாரம் பெருந்துறை தாண்டும் முன்னே தீர்ந்துபோயிற்று. பாதி நான், பாதி வேன்காரர் நசுருதீன்.

உன் தெருவில் நாம் செய்த கூத்தை நினைத்து இன்னும் சிரிக்கிறேன். நானும் நசுருதீனும் மாப்பிள்ளையும் தேங்காய்த் தட்டு, பழத்தட்டு, வெல்லம், பச்சரிசி, பட்டுச்சேலை என்று வரிசையாகத் தூக்கிக்கொண்டு படியேறினோமா, அக்கம்பக்கத்தில் எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள். நசுருதீன் என் காதுக்குள் கத்தினார். “பெரியவரே, யாரு ஊட்டுக் கல்யாணமுன்னு கேக்கறாங்க!”

“என் தங்கச்சி கோவத்துக்குக் கல்யாணம்னு சொல்லுங்க” என்றேன்.

ஆனால் எவ்வளவு பேசினாய் அம்மணி! ஊரில் எவன் பேசினாலும் எனக்கு ரெண்டு தடவை கத்த வேண்டும். உன் உதடு மட்டும் எனக்குப் படித்த புத்தகம். மத்தியானம் பூராவும் என்னைத் திட்டினாய். பட்டுச்சேலையின் நிறம் சரியில்லை என்றாய். சிலேட்டுக் கதையை மருமகளுக்கு நடித்துக் காட்டினாய். கோபம் இருந்த இடம் தெரியாமல் போயிற்று.

உன் வீட்டில் நான் கவனித்தவற்றை எழுதுகிறேன். இப்போது நான் எதையும் விடுவதில்லை. முன்னால் நிற்பது தூங்குமூஞ்சி மரம். அதில் இரண்டு மைனாக்கள் ஒரு பொந்துக்காகச் சண்டை போடுகின்றன. கிழக்குச் சன்னல் கண்ணாடியில் குளவி மண் வைத்திருக்கிறது. தட்டிவிடாதே. நீ முந்தானையைக் கழுத்தைச் சுற்றி மூடியே வைத்திருந்தாய். ரயில் பாதைக் காற்று குளிர்தான். கம்பளித் துண்டு ஒன்று வாங்கிக்கொள்.

இனி பாட்டு வரும் என்று லோகப்பிரியாவிடம் உறுதியாகச் சொல்லிவிட்டேன்.

அண்ணன்
தம்பிதுரை


போத்தனூர்
30.11.2024

அண்ணனுக்குத் தங்கை எழுதுவது.

மாத்திரை போட்டுக்கொண்டு, உட்கார்ந்து இதைப் படியுங்கள். பயப்பட ஒன்றும் இல்லை. நான் நன்றாக இருக்கிறேன்.

உங்கள் கடிதத்துக்கு உடனே பதில் எழுத உட்கார்ந்தேன். எழுதி எழுதிக் கிழித்தேன். முந்தானை என்று நீங்கள் எழுதிய இடத்தைத் தாண்டிப் போக முடியவில்லை.

ஆடி மாதம் கழுத்திலிருந்த தைராய்டுக் கட்டியை எடுத்தார்கள். கெட்ட கட்டி இல்லை. குரல் போனாலும் போகலாம் என்று டாக்டர் முன்னமே விளக்கிச் சொன்னார். போய்விட்டது. காற்று மட்டும் வருகிறது. உங்களுக்கு ரத்தக்கொதிப்பு இருப்பதால் சொல்லக் கூடாது என்று மனோஜிடம் நான்தான் சத்தியம் வாங்கினேன்.

கடைக்குப் போய் வாயைத் திறந்தால், “என்னங்கம்மா, தொண்டை கட்டிக்கிச்சுங்களா? மெளகு ரசம் வைங்க” என்கிறார்கள். தினமும் யாராவது ஒருவர் ரசம் சொல்கிறார். கடைக்குப் போவதையே விட்டேன். பிறகு வீட்டிலும் பேசுவதை விட்டேன்.

அண்ணா, நீங்கள் வந்த அன்று நான் பேசியது முழுவதும் வெறும் காற்று. நீங்களோ உதட்டைப் பார்த்து எப்போதும் போலப் பதிலுக்குப் பதில் கொடுத்தீர்கள். நானும் திட்டினேன், சிரித்தேன், கதை சொன்னேன். நீங்கள் கிளம்பிய பிறகு, “மாமாவுக்குத் தெரிஞ்சிருச்சுங்களாம்மா?” என்று மனோஜ் கேட்டான். எது என்று அவனையே திருப்பிக் கேட்டேன். பிறகுதான் எனக்குக் குரல் இல்லை என்பது ஞாபகம் வந்தது.

பாட்டை நான் மறுப்பது கோபத்தால் இல்லை. உங்களுக்கு என் வழக்கம் தெரியும். வாய்க்குள் முணுமுணுத்து முணுமுணுத்துத்தான் எனக்கு வரி வரும். முணுமுணுக்கவே முடியாதவளுக்குப் பாட்டு எங்கிருந்து வரும்? உங்கள் வாக்கை நான் காப்பாற்றவில்லை. அதுதான் உறுத்துகிறது.

குளவிக் கூட்டைத் தட்டவில்லை.

சென்னியம்மாள்


சென்னிமலை
8.12.2024

என் அம்மணிக்கு,

நான் சுகம். மாத்திரை போட்டுக்கொண்டுதான் படித்தேன். கழுத்தில் வலி இருக்கிறதா? எதையும் மறைக்காமல் எழுது.

படித்துவிட்டு வாய்க்கால் கரைக்குப் போய் இருட்டும் வரை உட்கார்ந்திருந்தேன். நீ தனியாக ஆஸ்பத்திரியில் படுத்திருந்ததை நினைக்க நினைக்க வருத்தமாக இருந்தது. பிறகு எனக்குச் சிரிப்பும் வந்தது. மைனாவைப் பார்த்தேன், குளவியைப் பார்த்தேன், எதையும் விடுவதில்லை என்று பெருமையாக வேறு எழுதினேனே!

நசுருதீனைப் பிடித்து உலுக்கினேன். “உங்களுக்குக் காது நல்லாக் கேக்குதில்ல? நீங்களாவது சொல்லியிருக்கக் கூடாதா?”

“நீங்க ரெண்டு பேரும் அத்தனை சுவாரசியமாப் பேசிட்டிருந்தீங்க. நான் எப்படிங்க குறுக்கே வாரது?” என்றார். அதுவும் நியாயம்தான்.

லோகப்பிரியாவிடம் போய், புதுப் பாட்டுக்குக் காத்திருக்க வேண்டாம், பழைய பாட்டையே பழகுங்கள் என்று சொல்லிவிட்டேன். வாக்குக் கொடுத்தவன் நான். திருப்பி வாங்க வேண்டியவனும் நான்தான். அவள் ஏன் என்று கேட்கவில்லை. நல்ல பிள்ளை. ஆகவே உன் தலையில் இனி அந்தச் சுமை இல்லை.

ஒன்று மட்டும் சொல்லவேண்டும். அந்த வாலாட்டி பாடும்போது அதன் தொண்டை துடிப்பதைப் பார்க்கிறேன். பாட்டு எனக்கு வருவதில்லை. ஆனால் அது நடக்கிறது பார், விடுவிடுவென்று ஓடி, நின்று, வாலை இரண்டு தட்டு. மறுபடியும் ஓட்டம், மறுபடியும் இரண்டு தட்டு. நேற்று என் கை தானாகவே தொடையில் அதைத் தட்டிக்கொண்டிருந்தது. வெகு நேரம் கழித்துத்தான் கண்டுகொண்டேன். அது நம் கும்மி நடை.

உன் வீட்டு மரத்தைப் பார்த்து எனக்கு எழுது. பாட்டுக்காக இல்லை. அதை நான் அரை நாள்தான் பார்த்தேன். மீதியை எனக்கு யார் சொல்வார்கள்?

அண்ணன்
தம்பிதுரை


போத்தனூர்
19.1.2025

அண்ணனுக்கு,

பொங்கல் நல்லபடியாகக் கழிந்ததா? மாடுகளுக்கு வர்ணம் பூசினீர்களா? இங்கே குக்கரில்தான் பொங்கினோம். எனக்குக் கழுத்தில் வலி இல்லை. மறைக்கவில்லை.

மரத்தைப் பற்றிக் கேட்டீர்கள். அண்ணன் கேட்டுவிட்டாரே என்று, கடனுக்குத்தான் மாடியில் நாற்காலி போட்டேன். முதல் வாரம் எனக்கு மரம் தெரியவில்லை. என் யோசனைகள்தான் தெரிந்தன. இரண்டு நாள் எழுந்து உள்ளே போய்விட்டேன்.

பிறகு ஒரு சாயங்காலம் இலை மூடுவதைப் பார்த்தேன். தூங்குமூஞ்சி மரம் மொத்தமாகத் தூங்கிவிடும் என்றுதான் இத்தனை வயது வரை நினைத்திருந்தேன். இல்லை அண்ணா. நிழல் விழுந்த கிளை முதலில் மூடுகிறது. வெயில் பட்ட உச்சிக் கிளை, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று விழித்திருக்கிறது. ஒவ்வொரு இலையும் தன் ஜோடி இலையோடு ஒட்டிக்கொள்கிறது, கும்பிடுகிற மாதிரி. மைனாக்கள் உள்ளே புகுந்து, இடம் போதவில்லை என்று கத்திவிட்டு, ஒன்றன்பின் ஒன்றாக அடங்குகின்றன. அவையும் அடங்கும். நானும் அடங்கினேன். யாரும் என்னைப் பேசச் சொல்லவில்லை. யாரும் ரசம் சொல்லவில்லை. அந்த மரத்துக்கு என் குரல் தேவைப்படவில்லை.

மார்கழிக் கடைசியில் அப்படி உட்கார்ந்திருக்கும்போது என் விரல் கைப்பிடிச் சுவரில் தட்டிக்கொண்டிருந்தது. நீங்கள் எழுதிய வாலாட்டி நடை. ஓட்டம், நின்று இரண்டு தட்டு. வாய்க்குள் ஒன்றும் முணுமுணுக்கவில்லை. விரலில் வந்தது. ஓடிப்போய் பேத்தியின் ஹோம்வொர்க் பேனாவைப் பிடுங்கி எழுதினேன்.

தண்ணிக் கரையிலே வாலாட்டி – அது
தானா நடக்குது பாருங்கடி
மண்ணைக் கொத்தி வால் தட்டயிலே – கூட
மாறாமக் கையைத் தட்டுங்கடி

சாயங் காலத்துத் தூங்குமரம் – இலை
சாத்திக் குவியுது பாருங்கடி
ஓயுற நேரமும் ஆட்டந்தானே – கையை
ஒண்ணாச் சேர்த்துக் குவியுங்கடி

இன்னும் நாலு பாட்டு தனித்தாளில் இருக்கிறது. லோகப்பிரியாவிடம் கொடுங்கள். நாள் குறைவு. பழகுவதற்கு நேரம் இல்லை என்றால் விட்டுவிடட்டும், எனக்கு வருத்தம் இல்லை. “ஓயுற நேரமும்” வரியில் அவசரப்படக் கூடாது என்று சொல்லுங்கள். அங்கே வேகத்தைக் குறைத்து, கை குவிந்த பிறகுதான் அடுத்த அடி.

நான் வருவேனா என்று கேட்க வேண்டாம். அத்தனை கூட்டத்தில் எல்லோரும் குசலம் விசாரிப்பார்கள்.

தங்கை
சென்னியம்மாள்


சென்னிமலை
16.2.2025

அம்மணிக்கு,

ஊர் போய்ச் சேர்ந்த அலுப்பு தீர்ந்ததா? எனக்குத் தொண்டை கட்டியிருக்கிறது. ஆமாம், எனக்கு. அன்றைக்கு அத்தனை கத்தியிருக்கிறேன். என் மருமகள் நித்யஸ்ரீ மிளகு ரசம் வைத்துக் கொடுத்தாள்.

வர மாட்டேன் என்றவள் வந்து, மைதானத்தில் பிள்ளைகளுக்கு எதிரே நின்றாய். உனக்குப் பின்னால் நடந்ததை நீ பார்த்திருக்க முடியாது. அதை எழுதத்தான் இந்தக் கடிதம்.

லோகப்பிரியா மைக்கில் பாட ஆரம்பித்தாள். பிள்ளைகள் ஆடினார்கள். நான் கூட்டத்தில் முன்வரிசை. கொஞ்ச நேரத்தில் என்னைச் சுற்றி இருந்தவர்கள் எல்லோரும் தலையைத் திருப்பி மைக்செட் பக்கம் பார்த்தார்கள். ஏதோ பாம்பு வந்துவிட்டது என்று நினைத்தேன். கரண்டு போய் மைக் செத்துவிட்டது என்று எனக்கு எப்படித் தெரியும்? அத்தனை பெரிய மைதானத்தில் லோகப்பிரியாவின் குரல் கடைசி வரிசைக்கு எட்டவில்லையாம். பிள்ளைகளின் கால் தடுமாறியதை நான் பார்த்தேன். அப்போது நீ இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினாய்.

அதற்குப் பிறகு ஒருவர் காலும் பிசகவில்லை அம்மணி. அத்தனை கண்ணும் உன் கைமேல். நீ தட்டினால் தட்டினார்கள். ஓயுற இடத்தில் நீ கையை மெல்லக் குவித்தாய். மொத்த வட்டமும் குவிந்து நின்றது. அப்போது உன் பின்னால் என்ன நடந்தது தெரியுமா? வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த சனம் முழுவதும் கையைக் குவித்துக்கொண்டு நின்றது. பஞ்சுமிட்டாய் விற்கிறவர்கூடக் குச்சியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு குவித்தார்.

முடிந்ததும் பக்கத்தில் நின்ற ஒரு அம்மா என் காதில் கத்தினார். “ஏனுங்க, பாட்டுக் கட்டினவங்க அவங்கதானுங்களா? அவங்க பாட மாட்டாங்களா?”

“இவ்வளவு நேரம் பாடினாளே, உங்களுக்குக் கேக்கலீங்களா?” என்றேன்.

செவிட்டுக் கிழவனிடம் போய்க் கேட்டோமே என்று அந்த அம்மா நகர்ந்துவிட்டார்.

அண்ணன்
தம்பிதுரை


போத்தனூர்
20.4.2025

அண்ணனுக்குத் தங்கை வணக்கம்.

உடம்பு தேவலையா? வெயில் கடுமையாக இருக்கிறது. பத்து மணிக்கு மேல் வெளியே உட்கார வேண்டாம். நாங்கள் நலம். குரல் அப்படியேதான் இருக்கிறது. கடைக்கு நானே போகிறேன். ரசம் சொல்பவர்களிடம் சரி என்று தலையாட்டிவிட்டுக் கத்தரிக்காய் பொறுக்குகிறேன்.

நேற்று மத்தியானம் திடீரென்று மழை. கொடியில் துணி கிடந்தது. எடுக்கப் போனவள் எடுக்காமல் நின்றுவிட்டேன். மருமகள் சத்தம் போட்டாள். துணி முழுக்க நனைந்தது. தண்டவாளத்தில் காலையிலிருந்து வெயிலில் காய்ந்துகொண்டு ஒரு கூட்ஸ் வண்டி நின்றிருந்தது. அதன்மேல் மழை விழுந்ததும் புகை போல ஆவி கிளம்பி...

எழுதினால் நீளும். இரண்டு வரியாகவே வந்துவிட்டது. எந்த நோம்பிக்கும் இல்லை. யாரும் கேட்கவும் இல்லை.

கோடை மழைத்துளி விழுந்ததுமே – நின்ன
கூட்ஸு வண்டியும் மூச்சுவிடும்

மீதி இரண்டு வரி இன்னும் வரவில்லை. அவசரம் இல்லை.

தங்கை
சென்னியம்மாள்